மணிலாப் பயிரும் மொட்டுக் கருகல் நச்சுயிரியும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் உழவர் குடும்பங்கள் பலவற்றுக்கு மணிலாப் பயிரே கைம்முதல். மல்லாட்டை என்று நாம் வீட்டில் வழங்கும் இப்பயிர் நன்கு விளைந்தால் வாங்கிய கடன் அடைபடும். பொய்த்தால் அடுத்த பட்டத்து விதைக்கே பிறர் கையை எதிர்பார்க்க நேரும். இப்பயிரைக் கெடுக்கும் நோய்களுள் மொட்டுக் கருகல் கொடியது. குருத்துக் கருகக் கண்டதும், "இதற்கு என்ன மருந்து தெளிக்கலாம்?" என்று கேட்பது இயல்பு. நோய் கண்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை என்பதே இதற்கு விடை. ஏன் இல்லை என்பதையும், மருந்து இல்லாதபோது செய்யத்தக்கது யாது என்பதையும் அங்கத்தினர்கள் அறிந்து கொண்டால் வீண் செலவு குறையும்; விளைச்சலும் ஓரளவு காக்கப்படும்.

இந்நோய்க்குக் காரணம் வைரஸ் எனப்படும் நச்சுயிரி. இவ்வகைப் பொருள் உலகில் உண்டென்பதே புகையிலைச் செடியால்தான் தெரிய வந்தது. தேமல் கண்ட புகையிலையின் சாற்றை, பாக்டீரியாக் கிருமிகளும் கடவாத பீங்கான் வடிகட்டியில் வடித்த பின்னும் அது நோயைப் பரப்பியதை 1892-இல் ருஷ்ய அறிஞர் இவனோவ்ஸ்கி கண்டார். 1898-இல் டச்சு அறிஞர் பெய்ஜரிங்க், இது சாதாரணக் கிருமியன்று, உயிருள்ள செடிக்குள் மட்டுமே பெருகும் வேறொன்று என்று துணிந்தார். அந்தப் புகையிலைத் தேமல் நச்சுயிரியை ஆங்கில முதலெழுத்துகளால் டி.எம்.வி. என்பர். நமது திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்து விதைகளுக்கும் அதே பெயர் அமைந்தது தற்செயலே. குடியாத்தம் கொத்து வகையிலிருந்து தெரிந்தெடுத்து 1940-இல் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2 என்னும் மணிலாவில் உள்ள எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கும்.

நச்சுயிரி எப்படிப் பெருகுகிறது? இதனை நமது நெசவு அங்கத்தினர்கள் எளிதில் உணர்வர். தறியில் ஏற்றிய ஜக்கார்டு அட்டையில் எந்தத் துளைகள் உண்டோ, அதற்கேற்ற பூவேலையே சேலையில் விழும். பாவு நம்முடையது, ஊடை நம்முடையது, உழைப்பும் நம்முடையது. ஆயினும் அட்டை மாறினால் சேலை மாறிவிடும். செடியின் ஒவ்வோர் உயிரணுவும் ஒரு தறிக்கூடம். நச்சுயிரி என்பது, கொழுப்பும் புரதமுமான உறைக்குள் வைத்த அட்டைக் கட்டு. அதற்குத் தறியும் இல்லை, நூலும் இல்லை. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் பருமன்.

மொட்டுக் கருகல் நச்சுயிரியின் அட்டை ஆர்.என்.ஏ. என்னும் பொருளால் ஆகி, மூன்று துண்டுகளாய் இருக்கிறது. அது உயிரணுவுக்குள் வந்ததும் உறை கழலுகிறது. பெரும்பகுதி புறம் மாறிப் பதிந்த அட்டையாதலால் நேரே தறியில் ஏற்ற இயலாது. எனவே, அதைப் பிரதி எடுக்கும் நொதியையும் நச்சுயிரி தன்னோடு கொண்டு வருகிறது. பிரதிகள் ஆயத்தமானதும், செடியின் புரதம் செய்யும் உறுப்புகள் தமக்கு வேண்டியதை விட்டு நச்சுயிரிக்கு வேண்டியதைச் செய்யத் தொடங்குகின்றன. உயிரணுக்களுக்கு இடையே இயல்பாயுள்ள நுண்துளைகளில் குழல் போன்ற வழியை அமைத்து, அது அடுத்த அணுவுக்குச் செல்கிறது.

செடியும் வாளாவிருப்பதில்லை, அயல் அட்டை என்று கண்டதைத் துண்டு துண்டாய் நறுக்கி அழிக்க முயலுகிறது. ஆனால் அந்தக் கத்தரியின் கையைக் கட்டுவதற்கென்றே நச்சுயிரி தனியொரு புரதத்தை வைத்திருக்கிறது. இப்போராட்டத்தில் செடி தோற்றால் முதலில் இளந்தளிரில் வெளிறிய புள்ளிகளும் வளையங்களும் தோன்றும். பின் நுனிமொட்டுக் கருகும். பக்கக் கிளைகள் கொத்தாய்க் கிளம்பும்; இலை சிறுத்துச் செடி குட்டையாகும். ஒரு மாதத்துக்குள் நோய் கண்ட செடி பெரும்பாலும் காய்ப்பதில்லை. பிந்திக் கண்டது காய்த்தாலும் பருப்புச் சுருங்கிவிடும்.

மருந்து இல்லாமைக்குக் காரணம் இப்போது விளங்கும். டிக்கா இலைப்புள்ளியை உண்டாக்கும் பூசணம் தனி உயிர்; செடியைக் கெடுக்காமல் அதை மட்டும் கொல்லும் மருந்து உண்டு. நச்சுயிரியோ செடியின் தறியிலேயே நெய்யப்படுகிறது. தறியை உடைக்காமல் அதை நிறுத்தும் மருந்து வயலுக்கு இன்னும் வரவில்லை. குருத்துக் கருகிய பின் பூசணக்கொல்லி தெளிப்பது காசைக் கரைப்பதேயாகும்.

ஆனால் ஒரு வாயிலை நாம் அடைக்கலாம். செடியணுவின் சுவரைத் துளைக்கும் ஆற்றல் நச்சுயிரிக்கு இல்லை. யாரேனும் துளைத்துவிட வேண்டும். அந்த வேலையைச் செய்வது, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள இலைப்பேன். நோயுற்ற செடியில் இளங்குஞ்சாய் இருக்கையில் உண்ட இலைப்பேனே நோய்ப்பரப்பியாகிறது. நச்சுயிரி அதன் உடலிலும் பெருகி உமிழ்நீரை அடைகிறது. வளர்ந்து சிறகு முளைத்ததும் அது காற்றோடு வயல் வயலாய்ச் சென்று வாழ்நாள் முழுதும் நோயைப் பரப்பும். வளர்ந்த பின் முதன்முதலாக நோய்ச்செடியை உண்ட பேன் பரப்புவதில்லை. விதை வழியாகவும் இந்நோய் மணிலாவில் பரவுவதில்லை. ஐதராபாத்துக்கு அருகிலுள்ள இக்ரிசாட் நிலையத்தார், தக்காளிப் புள்ளி வாடல் நச்சுயிரியே இதற்குக் காரணம் என 1979-இல் கருதினர். 1992-இல் இது வேறு தனி நச்சுயிரி என்று தெளிவுபடுத்தினர்.

ஆகவே செய்யத்தக்கவை இவை. முதலாவது, நெருக்கி விதைத்தல். செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பயிர் அடர்ந்திருந்தால், வந்திறங்கும் பேன்களால் கெடும் செடிகளின் விகிதம் குறையும். இரண்டாவது, மணிலாவுக்கு இடையே கம்பை ஊடுபயிராய் விதைத்தல். மூன்றாவது, விதைத்த ஆறு வாரங்கள் வரை நோய்ச்செடிகளைக் கண்டவுடன் பிடுங்கி அழித்தல். அவை எவ்வாறும் காய்க்கப் போவதில்லை, பேன் குஞ்சுகளுக்கு நாற்றங்காலாகவே நிற்கும். நான்காவது, வரப்புக் களைகளை அகற்றுதல். தக்காளி, உளுந்து, பச்சைப்பயறு முதலியவற்றிலும் இந்நச்சுயிரி தங்கும் என்பதை மறவாதிருத்தல்.

ஐந்தாவது, சோளத்தழை அல்லது தென்னை ஓலைச் சாறு. இலையை உலர்த்திப் பொடி செய்து, ஒரு கிலோ பொடிக்கு இரண்டு லிட்டர் நீர் சேர்த்து, 60 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, துணியில் வடிகட்டிப் பத்து லிட்டராக்க வேண்டும். ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர், அதாவது 20 கிலோ பொடி தேவை. விதைத்த 10-ஆம் நாளும் 20-ஆம் நாளும் தெளிக்கலாம். இது வருமுன் காப்பதற்கே. வந்தபின் தெளித்துப் பயனில்லை.

விதையைத் தெரிந்தெடுப்பதிலும் கருத்து வேண்டும். டி.எம்.வி. 2 நம் மண்ணுக்குப் பழகிய நல்ல வகையே ஆயினும் மொட்டுக் கருகலுக்கு எளிதில் ஆட்படும். அடிக்கடி இந்நோய் காணும் நிலத்தார், தாங்கும் வகை எது என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு விதைப்பது நலம். உளுந்தில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமலை எதிர்த்து நிற்கும் வம்பன் 8 போன்ற வகைகள் வந்திருப்பது, இவ்வழி வீண்போகாது என்பதற்குச் சான்று.

நெசவு அங்கத்தினர்கள் இதை உழவர் காரியமென்று ஒதுக்க வேண்டா. சிறுவந்தாட்டுத் தறிகளில் ஓடும் பட்டு நூலுக்கு மூலமான பட்டுப்புழுவையும் கிராசரி என்னும் நச்சுயிரி நோய் மடியச் செய்கிறது. அங்கும் நோய் கண்ட புழுவுக்கு மருந்து இல்லை. வளர்ப்பு மனையைத் தூய்மை செய்து காப்பதே வழி.

இங்கே கூறியவற்றுள் ஒருவர் தனித்துச் செய்து முழுப்பயன் பெறத்தக்கது குறைவு. ஒருவர் வயலில் விட்டுவைத்த நோய்ச்செடியில் வளரும் பேன் அடுத்தவர் வயலில் இறங்கும். அதற்கு வரப்புத் தெரியாது. ஊரார் ஒரே சமயத்தில் விதைத்து, ஒரே வாரத்தில் களையெடுத்து, ஓலைப்பொடியையும் கூடித் தயாரித்தால் செலவும் குறையும், நோயும் குறையும். வரும் பட்டத்துக்கு முன் ஒவ்வொரு கிராமத்து அங்கத்தினரும் கூடிப் பேசி இதனை ஒரு முறை செய்து பார்க்குமாறு வேண்டுகிறோம்.