பிடி மாறினால் ஆட்டம் மாறும்

‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பது பழமொழி. ஒருமுறை படிந்த பழக்கம் மாறவே மாறாதா? இறகுப்பந்தாட்டத்தைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண்போம்.

பெருமாட்டி, பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் அமைந்த ஊர். இங்குச் சிறுவர் பலர் இரு தென்னை மரங்களுக்கிடையே கயிறு கட்டி இறகுப்பந்து ஆடிப் பழகுகின்றனர். உயரமாக அடித்த பந்தைக் கணவாய்க் காற்று திசைமாற்றிவிடும். ஆதலால் பந்தைத் தாழ்வாகவும் வேகமாகவும் அடிக்கக் கற்றுக்கொள்கின்றனர். அதற்கேற்ப, தோசைத்திருப்பியைப் பிடிப்பதுபோல், மட்டையின் முகம் எதிராளியை நோக்குமாறு பிடிக்கின்றனர். முற்றத்தில் இப்பிடி வெற்றியும் தருகிறது. தவறான பழக்கம் நிலைபெறுவதற்கு முதற்காரணம் இதுவே: தொடக்கத்தில் அது பயன் தருகிறது.

உள்ளரங்க ஆடுகளத்தின் நீளம் 13.40 மீட்டர். அங்கே பின்கோட்டருகில் நின்று எதிர்ப்பக்கத்துப் பின்கோடுவரை பந்தை அனுப்ப வேண்டும். அதற்கு முன்கை நன்கு சுழல வேண்டும். தோசைத்திருப்பிப் பிடி அச்சுழற்சியைத் தடுக்கிறது. குறையைத் தோள்வலிமையால் ஈடுசெய்ய முயன்றால் தோள் வலிக்கும். பந்தோ நடுக்களத்திலேயே விழும்.

தஞ்சாவூரோடு தொடர்புடைய பூப்பந்தாட்டத்தை ஆடியவர்க்கும் இத்தகைய இடர் உண்டு. பூப்பந்தாட்டக் கம்பளிப்பந்தின் எடை 27 முதல் 30 கிராம். இறகுப்பந்தின் எடையோ 4.74 முதல் 5.50 கிராம் மட்டுமே. கனமான பந்திற்குப் பழகிய கை, இலேசான பந்தையும் அதே விசையுடன் அடிக்க முனையும். ஓர் ஆட்டத்தின் திறன் மற்றோர் ஆட்டத்தில் குறையாகிவிடுவதும் உண்டு.

சரியான பிடி எளியது. மட்டையின் முகம் தரைக்குச் செங்குத்தாக நிற்க, அதன் கைப்பிடியோடு கைகுலுக்குவதுபோல் பிடிக்க வேண்டும். விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். பந்தைத் தொடும் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். புறங்கையால் அடிக்கும்போது பெருவிரலைக் கைப்பிடியின் அகன்ற பக்கத்தில் ஊன்ற வேண்டும்.

இதை அறிவது எளிது. கைக்குப் பழக்குவதே அரிது. பலமுறை செய்த செயலை நாம் எண்ணாமலே செய்கிறோம். ஆட்டம் விறுவிறுப்படையும்போது பழைய பிடி தானாகவே திரும்பிவிடும். ஆகவே திருத்தம் படிப்படியாக நிகழ வேண்டும். முதலில் பந்தின்றி, மெதுவாக மட்டையை வீசிப் பழகுக. பின்னர்ச் சுவரில் அடித்துப் பழகுக. அடுத்து, தோழர் ஒருவர் எறியும் பந்தை அடிக்கலாம். புள்ளிக் கணக்குடன் ஆடுவது இறுதியில்தான். ஒரு வேளையில் ஒரு பிழையை மட்டுமே திருத்துக. பிடியையும் கால்நகர்வையும் ஒருங்கே மாற்ற முயன்றால் இரண்டும் குழம்பும்.

உலகப் புகழ் பெற்றோரும் தம் ஆட்டத்தைத் திருத்திக்கொள்கின்றனர். பி.வி. சிந்து 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். உலக வாகையர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தோற்றார். அந்நிலையிலும் 2019இல் தென்கொரியப் பயிற்சியாளர் கிம் ஜி ஹியூன் கூறிய மாற்றங்களை ஏற்றுப் பயின்றார். அவ்வாண்டு பாசெல் நகரில், 2017இல் தம்மை வென்ற நொசோமி ஒகுஹாராவை 21–7, 21–7 என வென்று உலக வாகை சூடினார்.

மாணவர்களே! பிடியை மாற்றிய முதல் வாரங்களில் நீங்கள் எளிதாக வென்றவரிடமே தோற்கக்கூடும். உங்கள் தம்பியும் உங்களை வெல்லக்கூடும். பள்ளி அணித் தேர்வு நெருங்கினால் பழைய பிடிக்கே திரும்ப மனம் தூண்டும். அத்தோல்வி திறமை குறைந்ததன் அடையாளமன்று. புதிய பழக்கம் வேரூன்றுவதற்கு நாம் கொடுக்கும் விலை. அவ்விலையைக் கொடுக்க அணியமானவர்க்குத் தொட்டிற் பழக்கமும் மாறும்.

பயிற்சி
1. தவறான பிடி முற்றத்தில் வெற்றி தருவதும் உள்ளரங்கில் தோல்வி தருவதும் ஏன்?
2. பிரித்து எழுதுக: முதற்காரணம், அடையாளமன்று.
3. நீங்கள் மாற்றிக்கொண்ட ஒரு பழக்கத்தைப் பற்றி ஐந்து தொடர்களில் எழுதுக.