1911ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்: அசலா, போலியா?

பழைய குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளில் ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய்கள் இன்றும் இருக்கின்றன. மஹராகக் கொடுக்கப்பட்டவை, பாகப்பிரிவினையில் பங்காக வந்தவை, உம்மும்மா துணியில் முடிந்து வைத்துவிட்டுப் போனவை எனப் பலவகை. குடும்பத்தில் நெருக்கடி நேரும்போது அவை கடைவீதியை அடைகின்றன. அரிய நாணயத்தை வெறும் வெள்ளி விலைக்கு விற்று ஏமாறுவோர் ஒருபுறம். அரியதென்று நம்பிப் போலியைப் பெரும்பணம் கொடுத்து வாங்குவோர் மறுபுறம். இவ்விரு இழப்புகளையும் தவிர்க்க ஓரளவு பயிற்சி போதும். ஒரேயொரு நாணயத்தை எடுத்துக்கொண்டு அதனை இங்கே பார்ப்போம்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த ரூபாய் 1911ஆம் ஆண்டில் முதன்முதலாக அடிக்கப்பட்டது. மன்னரின் அங்கியின் மேல் காணப்படும் பதக்கச் சங்கிலியில் சிறியதொரு யானை உருவம் உண்டு. அதன் துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால், பார்ப்பவர் கண்ணுக்கு அது பன்றியாகவே தோன்றியது. விலக்கப்பட்ட பிராணியின் உருவம் தாங்கிய காசைக் கையில் எடுக்கவும் முஸ்லிம்கள் வெறுத்தனர். பிறரும் அதனை விரும்பவில்லை. கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகளில் அடிக்கப்பட்ட 94 இலட்சம் நாணயங்களுள் ஏறத்தாழ 7 இலட்சமே வெளியிடப்பட்டன. அவற்றிலும் பல திரும்பப் பெறப்பட்டன. 1912 முதல் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி யானை திருத்தி வரையப்பட்டது. சேகரிப்போர் 1911ஆம் ஆண்டு நாணயத்தைப் 'பன்றி ரூபாய்' என்றே அழைக்கின்றனர். அதற்குப் பின்வந்த சாதாரண ரூபாய்களைவிட இதற்கு விலை அதிகம். விலை அதிகமாயிருக்குமிடத்தில் வஞ்சகமும் நுழைகின்றது.

முதற்சோதனை யானையே. 1917ஆம் ஆண்டு ரூபாயின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 1911 ஆக்கிவிட முடியும். ஆனால் யானையை மாற்றுவது எளிதன்று. ஆண்டு 1911 என்றிருந்து, யானைக்குத் துதிக்கை நீண்டு தெளிவாகத் தெரியுமாயின், ஆண்டைத் திருத்தியிருக்கிறார்கள் என்று அறியலாம். யானை தேய்ந்து மறைந்திருந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியால் இலக்கங்களை நோக்குங்கள். நான்கு இலக்கங்களும் ஒரே உயரத்தில் எழுந்து நிற்க வேண்டும். கடைசி இலக்கத்தைச் சுற்றி மட்டும் கீறலோ பள்ளமோ இருத்தலாகாது.

அடுத்தது எடை. அசல் ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. குறுக்களவு ஏறத்தாழ 30.5 மில்லிமீட்டர். புழக்கத்தில் தேய்ந்தது சற்றுக் குறையலாம்; கூடியிருந்தால் ஐயுற வேண்டும். எடையை மட்டும் சரியாக அமைத்துக்கொள்ளும் போலிகளும் உண்டாதலால், தண்ணீர்ச் சோதனையும் தேவை. நுண்ணிய மின்தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து எடையைப் பூச்சியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டினால், அது 100க்கு 91.7 பங்கு வெள்ளி கலந்த உலோகத்திற்குப் பொருந்துகின்றது. செம்பாயின் 1.3 காட்டும், ஈயமாயின் 1.03 அளவில் நிற்கும். காந்தம் ஒட்டவில்லை என்பது மட்டும் சான்றாகாது. செம்பையும் ஈயத்தையும்கூடக் காந்தம் இழுப்பதில்லை.

பின்னர் விளிம்பைப் பாருங்கள். அச்சில் அடிக்கப்பட்ட நாணயத்தின் விளிம்புக் கோடுகள் ஒழுங்காகவும் கூர்மையாகவும் இருக்கும். வார்ப்பில் ஊற்றிய போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகளும், மழுங்கிய எழுத்துகளும் தென்படலாம்.

அசலென்று உறுதியான பின்னரும், நாணயத்தின் நிலையே அதன் விலையை முடிவு செய்கின்றது. மன்னரின் காது, மகுடத்தின் மணிகள், அங்கியின் வேலைப்பாடு ஆகிய மேடான இடங்களே முதலில் தேயும். நகையாக அணிய வளையம் பற்றவைத்த தழும்பு விளிம்பில் இருந்தால் மதிப்புப் பெரிதும் குறையும்.

இல்லத்தரசிகள் ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். விற்பதற்கு முன் 'பளபளப்பாக இருக்கட்டும்' என்று புளியாலும் சாம்பலாலும் நாணயத்தைத் தேய்க்காதீர்கள். காலத்தால் படிந்த கருமை குற்றமன்று. அறிந்தோர் அதனை விரும்பியே வாங்குவர். தேய்த்தால் கருமையோடு மேற்பரப்பும் போய், நுண்கீறல்களே எஞ்சும். போன மேற்பரப்பை எவராலும் மீட்க இயலாது. நாணயத்தை விளிம்பில் பிடித்தெடுத்து, அமிலமற்ற தாளுறையில் தனித்தனியே வைப்பதே போதும். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் நாளடைவில் பச்சைப் பிசுக்குப் படியும்.

வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்ப எண்ணுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை: நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகும், தனியார் அதனை நாட்டைவிட்டு வெளியே அனுப்புதல் கூடாது.

விற்கும்போது, பற்றவைத்த தழும்பையும் தேய்த்த கீறலையும் நாமே வாங்குபவரிடம் எடுத்துக் காட்டிவிட வேண்டும். குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் ஆகுமானதன்று என்பதை நாம் அறிவோம். உம்மும்மா நேர்மையாகச் சேர்த்து வைத்த காசு, நம் கையிலிருந்து போகும்போதும் நேர்மையாகவே போகட்டும்.