ஓமத்தின் மணமே மருந்து

சீரகத்தைவிடச் சிறியது ஓமம். முதுகில் வரிவரியாய் மேடுகள். அவற்றின் இடுக்குகளில், தோலுக்கு அடியில் ஓடும் நுண்குழாய்களில் எண்ணெய் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் குழாய் உடைந்து மணம் மூக்கில் ஏறும். எடையில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்குதான் இந்த எண்ணெய். அதில் ஏறக்குறைய பாதி தைமால் என்ற மணப்பொருள்.

மந்தம், வாயு, வயிற்றுப் பொருமல் என்று பாட்டிமார் ஓமத்தைத் தேடியது வீணல்ல. தைமால் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துவதை விலங்குச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். கிருமிகளையும் அது கொல்லும். ஆனால் சட்டென்று ஆவியாகிவிடும். ஓமத்தைத் திறந்த பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சினால் வீடெல்லாம் மணக்கும், கஷாயத்தில்தான் மருந்து குறைந்துபோகும். லேசாக இடித்து, கொதிநீர் ஊற்றி, மூடி வைப்பதே சரி. சித்த மருத்துவர்கள் ஓமத் தீநீர் இறக்குவதும் இதனால்தான்: ஆவியைத் தப்பவிடாமல் குளிர்வித்துப் பிடித்துவிடுகிறார்கள்.

தைமாலைத் தனியே பிரித்தால் வெள்ளைப் படிகம். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு. அதோடு புதினா உப்பையும் கற்பூரத்தையும் ஒரு சீசாவில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். ஒரு சொட்டு நீரில்லாமலே மூன்றும் இளகித் திரவமாகிவிடும். கலந்தபின் அவற்றின் உருகுநிலை இறங்கிவிடுவதே காரணம். வடக்கே அமிர்ததாரா என்று விற்பது இதைத்தான்.

முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓமம் ஜெர்மனிக்குப் போய் அங்கே தைமாலானது. அக்காலத்தில் கொக்கிப்புழுவுக்கு அதுவே முக்கிய மருந்து. 1909-இல் அமைந்த ராக்ஃபெல்லர் சுகாதார ஆணையம் அமெரிக்கத் தென்மாநிலங்களில் அதைக் கொடுத்தே புழுவை விரட்டியது. மருந்து நாளில் எண்ணெய்ப் பண்டமும் மதுவும் கூடாது; அவற்றில் தைமால் கரைந்து உடம்பில் ஏறினால் நஞ்சு. பெரியவர்களுக்கு 3, 4 கிராம் வரை கொடுத்தார்கள். ஒரு தேக்கரண்டி ஓமத்தில் இருப்பதோ சில பத்து மில்லிகிராம். ஆகவே ஓமக் கஷாயம் புழுவைக் கொல்லும் என்ற பேச்சை நான் நம்பமாட்டேன். அதற்கு டாக்டர் தரும் மாத்திரை போதும். கர்ப்பிணிகள் சமையலுக்கு மேல் ஓமத்தை எடுக்க வேண்டாம். ஓம எண்ணெயைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

தொட்டியில் வளரும் ஓமவல்லியிலிருந்து ஓமம் வருவதாக நினைப்பவர்கள் உண்டு. அது துளசிக் குடும்பம், இது கொத்தமல்லிக் குடும்பம். மணம் மட்டுமே உறவு.

இன்று தைமாலை அதிகம் நம்புகிறவர்களில் தேனீ வளர்ப்போரும் உண்டு. கூட்டின் சூட்டில் அது மெல்ல ஆவியாகி, தேனீயின் உடலில் ஒட்டி உறிஞ்சும் வரோவா உண்ணியைக் கொல்கிறது.