மூச்சிழுப்பான்

இன்ஹேலர் என்று பரவலாக அறியப்படும் மூச்சிழுப்பான் என்பது, மருந்தை நுண்துளிகளாகவோ தூளாகவோ மூச்சுக்காற்றுடன் நேரடியாக நுரையீரலுக்குச் செலுத்தும் கைக்கருவி ஆகும். ஈழை நோய் எனப்படும் ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவற்றுக்கு இது முதன்மையாகப் பயன்படுகிறது.

மருந்து நோயுள்ள இடத்தையே சென்றடைவதால் சிறிதளவே போதுமானது. எடுத்துக்காட்டாக, சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். மூச்சிழுப்பானை ஒருமுறை அழுத்தும்போது வெளிவருவது பொதுவாக 0.1 மில்லிகிராம் மட்டுமே.

வரலாறு

ஒவ்வோர் அழுத்தத்திலும் ஒரே அளவு மருந்தை வெளியிடும் அழுத்தக்கலன் வகை, 1956 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வகத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது. சால்பியூட்டமால் 1969 இலும், பெக்லோமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு 1972 இலும் இவ்வடிவில் பயன்பாட்டுக்கு வந்தன. தொடக்கத்தில் உந்துவளிமமாக இருந்த குளோரோபுளோரோகார்பன்கள், ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 ஆம் ஆண்டின் மொண்ட்ரியால் உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாகக் கைவிடப்பட்டன.

மருந்து வகைகள்

* நிவாரண மருந்துகள்: இறுகிய மூச்சுக்குழல் தசைகளைத் தளர்த்துகின்றன. சால்பியூட்டமால் சில நிமிடங்களில் செயற்பட்டு, 4 முதல் 6 மணிநேரம் வரை பயன் தரும்.
* தடுப்பு மருந்துகள்: பெக்லோமெத்தசோன், பியூடெசொனைடு முதலிய ஸ்டீராய்டுகள் மூச்சுக்குழலின் அழற்சியைக் குறைக்கின்றன. இவற்றின் முழுப்பயன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம்.

உடனடி நிவாரணம் கிடைக்காததால் நோயாளர் பலர் தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டு நிவாரண மருந்தை மட்டுமே நாடுகின்றனர். இது இடர் மிக்கது. மூச்சிரைப்பு அடங்கினாலும் உள்ளே அழற்சி நீடிப்பதால், கடும் மூச்சுத்திணறலும் உயிரிழப்பும்கூட நேரலாம். ஆகவே, 12 அகவைக்கு மேற்பட்ட ஈழை நோயாளருக்குச் சால்பியூட்டமால் போன்ற மருந்தை மட்டும் அளிப்பதை, ஜினா எனப்படும் பன்னாட்டு ஈழை நோய் அமைப்பு 2019 முதல் பரிந்துரைப்பதில்லை.

பயன்படுத்தும் முறை

அழுத்தக்கலன் வகைக்கான பொதுவான படிகள்:

# மூடியை நீக்கிக் கலனை நன்கு குலுக்குதல்.
# இயன்ற அளவு மூச்சை வெளிவிடுதல்.
# வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக மூடி, மெதுவாக மூச்சிழுக்கத் தொடங்கும்போதே கலனை ஒருமுறை அழுத்துதல்.
# தொடர்ந்து ஆழமாக மூச்சிழுத்து, சுமார் 10 நொடிகள் மூச்சை அடக்குதல்.

அழுத்துவதும் மூச்சிழுப்பதும் ஒருங்கே நிகழாவிடில் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். சிறுவரும் முதியோரும் ஸ்பேசர் எனப்படும் இடைக்குழாயைப் பொருத்திக்கொண்டால் இச்சிக்கல் குறையும். உலர்தூள் வகையில் உந்துவளிமம் இல்லாததால், வேகமாகவும் ஆழமாகவும் மூச்சிழுக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தை எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புதல், வாயில் பூஞ்சைத்தொற்று வராமல் காக்கும்.

தவறான கருத்துகள்

மூச்சிழுப்பான் பழக்க அடிமைத்தனத்தை உண்டாக்கும், நோய் முற்றிய பின்னரே தேவைப்படும் என்பன பரவலான தவறான கருத்துகள். இம்மருந்துகள் அடிமைத்தனத்தை உண்டாக்குவதில்லை. ஈழை நோய் நெடுங்காலம் தொடர்வதாலேயே மருந்தும் தொடர்கிறது. நிவாரண மருந்து அடிக்கடி தேவைப்படுவது, நோய் கட்டுக்குள் இல்லை என்பதன் அறிகுறி. அந்நிலையில் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.