1969 காமரோவுக்குள் 5.3 லிட்டர் எல்எஸ்

பானெட்டுக்குள் கார்புரேட்டரும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. வால்வு மூடிகளின் மேல் பக்கத்துக்கு நான்காக எட்டு இக்னிஷன் காயில்கள், சிலிண்டருக்கு ஒன்று. இந்த ஷெவர்லே காமரோவில் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

எல்எஸ் வகை வி8 எஞ்சினை ஜெனரல் மோட்டார்ஸ் 1997 மாடல் கார்வெட்டில் அறிமுகம் செய்தது. 1999 முதல் வார்ப்பிரும்பு பிளாக்குடன் சில்வராடோ பிக்கப்களிலும் வந்தது. அந்த வண்டிகள் காயலாங்கடைக்கு வரத் தொடங்கியதும் அமெரிக்க மெக்கானிக்குகளுக்கு மலிவான, உழைக்கக்கூடிய எஞ்சின் வாய்த்தது.

1955-இல் வந்த ஷெவர்லேயின் பழைய ஸ்மால் பிளாக் எஞ்சினுக்கும் இந்த எல்எஸ்ஸுக்கும் சிலிண்டர் மையங்களுக்கு இடையே ஒரே தூரம்: 4.4 அங்குலம். கியர்பாக்ஸ் பொருத்தும் போல்ட் துளைகளும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. எஞ்சின் மவுண்ட் வேறு என்பதால் அடாப்டர் தகடு வேண்டும். பிக்கப்பின் ஆழமான ஆயில் பேன் இங்கே சாலையை உரசும் அளவுக்குத் தொங்கும். அதையும் மாற்றியாக வேண்டும்.

பெரிய வேலை பெட்ரோல் டேங்கில்தான். கார்புரேட்டருக்கு 6 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இந்த இன்ஜெக்டர்கள் கேட்பது 58. டேங்குக்குள் மின் பம்பு, புதிய குழாய்கள், ரெகுலேட்டர் எல்லாம் அதற்காகவே.

அசல் எஞ்சினைக் கழற்றுவது சேகரிப்பாளர்களுக்கு உறுத்தும்; அதில் நியாயமும் உண்டு. ஆனால் தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்பவருக்கு, உறைபனிக் காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்புவது சாதாரண விஷயமல்ல. கூடவே 4எல்60-ஈ கியர்பாக்ஸையும் பொருத்தினால் நான்காம் கியரின் விகிதம் 0.70. பழைய நேரடி டாப் கியரைவிட நெடுஞ்சாலையில் எஞ்சின் சுழற்சி 30 சதவீதம் குறைகிறது.