கற்ற எழுத்தை இழந்தோர்

செல்வம் மிக்க நாடுகளில் எழுத்தறியாதோர் இருப்பரோ என்று ஐயுறுவோர் பலர். பிரான்சு நாட்டை நோக்குவோம். அங்கே 1882ஆம் ஆண்டிலேயே கல்வி கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 2004-05ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அந்நாட்டுப் பள்ளிகளிலேயே பயின்று வளர்ந்த 31 இலட்சம் பேர், எளியதொரு செய்தியைப் படித்துப் பொருள் உணர இயலாதவராய் இருந்தனர். நூற்றுக்கு 9 பேர்!

இவர்களை அயல்நாட்டிலிருந்து வந்தோர் என எண்ணிவிட வேண்டாம். பத்தில் ஏழு பேர் இளமையில் வீட்டில் பிரெஞ்சு மொழி மட்டுமே பேசியவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் உழைத்துப் பிழைப்பவர்கள். கற்றது மனத்தில் வேரூன்றுமுன் பள்ளியை விட்டவர்கள். பயன்படுத்தாத எழுத்தை நாளடைவில் இழந்தவர்கள்.

இழந்ததை வெளியில் சொல்ல நாணம் தடுக்கிறது. அலுவலகத்தில் படிவத்தை நீட்டினால், "கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன்" என்பர். மேற்பதவி தேடி வந்தாலும், எழுத நேருமே என அஞ்சி மறுப்பர். மருந்துப் புட்டியில் குறித்துள்ள அளவு விளங்காமல் தவிப்பர். பெற்ற பிள்ளையிடமும் மறைத்து வாழ்வோர் உண்டு.

மறைந்து கிடந்த இத்துயரை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் தந்தை யோசேப் விரெசின்ஸ்கி. 1917ஆம் ஆண்டு ஆஞ்சே நகரில் வறிய குடும்பத்தில் பிறந்த இக்குருவானவர், 1956இல் பாரிசை அடுத்த நுவாசி-லெ-கிரான் முகாமுக்குச் சென்றார். வீடற்ற சுமார் 250 குடும்பங்கள் அங்கே அல்லலுற்றன. இலவசக் கஞ்சி வழங்குவதை நிறுத்திவிட்டு, அவர் அங்கே நூலகம் ஒன்றை அமைத்தார். கையேந்தி நிற்பவன் தலைகுனிகிறான். அறிவு பெற்றவனோ தலைநிமிர்கிறான் என்பதை வறுமையில் வளர்ந்த அவர் நன்கறிவார்.

1957இல் அக்குடும்பங்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய இயக்கமே இன்று 'நான்காம் உலகம்' எனப் பெயர் பெற்றுள்ளது. பள்ளி சென்றும் எழுத்தறிவு இழந்த நிலையைக் குறிக்க 'இலெத்ரிசம்' என்னும் சொல்லைப் படைத்ததும் அவ்வியக்கமே. 1977 நவம்பரில் பாரிசில் கூடிய ஏழை மக்களிடம் தந்தை ஓர் அறைகூவல் விடுத்தார்: பத்தாண்டுகளுக்குள் நம் குடியிருப்புகளில் எழுத்தறியாதவர் எவரும் இருத்தலாகாது, அறிந்தவர் அறியாதவருக்குக் கற்பிக்க வேண்டும்.

அவர் குறித்த பத்தாண்டுகளில் அது நிறைவேறவில்லை. 1988இல் அவர் மறைந்தார். எனினும் விதை முளைத்தது. 1984இல் அரசே இக்குறையை ஆய்ந்து ஒப்புக்கொண்டது. 2011-12இல் அத்தொகை 25 இலட்சமாகக் குறைந்தது. 2013இல் எழுத்தறிவு இழப்பை ஒழிப்பது நாட்டின் பெரும்பணியாக அறிவிக்கப்பட்டது.

அன்பர்களே, சட்டம் பள்ளியைத் திறக்கும். நாணத்தால் பூட்டிய நெஞ்சைத் திறக்க, அருகில் அமர்ந்து, இகழாமல் சொல்லிக்கொடுக்கும் அயலான் ஒருவன் வேண்டும்.