பழைய இரும்பு – 9: கோழி சுற்றும் டிரம்

ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துக் கோழி அறுப்பார்கள். வேட்டவலம் சாலையில் அத்தை வீடு. பத்துக் கோழி அறுத்தால் கொல்லையில் அண்டா வெந்நீரைச் சுற்றி நாலு பெண்கள் குந்திவிடுவார்கள். சாயங்காலம் பார்த்தால் அத்தையின் விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். இந்த வாரம் சொல்லப்போகும் மெஷின் அந்த விரல்களுக்காக.

பிராய்லருக்கு இது வேண்டாம். கடைக்காரர் இறகோடு தோலையும் சேர்த்து உரித்துவிடுவார். நாட்டுக்கோழியைத் தோலோடு வாட்டி மஞ்சள் பூசினால்தான் நமக்குக் குழம்பு. அதனால் இறகை மட்டும் எடுத்தாக வேண்டும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹெரிக் கிம்பால் என்பவர் பிளாஸ்டிக் பீப்பாயில் இப்படியொரு மெஷின் செய்து, செய்முறையைப் புத்தகமாகவே போட்டார். பீப்பாய் அசையாது, அடித்தட்டு மட்டும் சுற்றும். இரண்டிலும் ரப்பர் விரல்கள். கோழி உருண்டு புரள, விரல்கள் இறகை இழுக்க, மேலிருந்து விடும் தண்ணீர் அதைத் தட்டின் இடுக்கு வழியே கீழே தள்ளிவிடும்.

திருவண்ணாமலையில் பீப்பாய்க்குப் பதில் எனக்குக் காயலான் கடையில் கிடைத்தது பழைய வாஷிங் மெஷினின் ஸ்டீல் டப். ரசாயனம் இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் தொடாதீர்கள். ரப்பர் விரலைப் புதிதாகவே வாங்குங்கள். டயரை வெட்டிச் சொருகினால் துணுக்கு கறியில் ஒட்டும். மற்றதெல்லாம் பழசு போதும்.

மோட்டார் 1 ஹெச்.பி., நிமிடத்துக்கு 1440 சுற்று. அதை நேராகத் தட்டில் பூட்டினால் கோழியின் இறக்கை முறியும். மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, தட்டின் ஷாஃப்டில் 12 அங்குலப் புல்லி, நடுவில் பெல்ட். சுற்று 240-க்கு இறங்கிவிடும். லேத் பட்டறையில் ஷாஃப்டைக் கடைய மட்டும் காசு கொடுத்தேன். ஈரமும் இரும்பும் 230 வோல்ட்டும் ஒன்றாகச் சேருமிடம் இது. எர்த் கட்டாயம், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.

இவ்வளவும் செய்து முதல் கோழியைப் பாழாக்கினேன். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் முக்கிவிட்டேன். தோல் வெந்து, டிரம்மில் போட்டதும் துணிபோலக் கிழிந்தது. இறகின் வேரைப் பிடித்திருக்கும் தசை இளகினால் போதும், தோல் வேகக் கூடாது. அடுப்பை அணைத்து, பச்சைத் தண்ணீர் விளாவி, தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து 60-லிருந்து 65 டிகிரிக்குள் நிறுத்தினேன். ரத்தம் முழுக்க வடிந்து, துடிப்பு அடங்கிய பிறகுதான் முக்க வேண்டும். ஒரு நிமிடம் போனதும் வால் இறகை இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் செருகியதுபோலக் கையோடு வரும். காலின் செதில் தோலும் நழுவும். அதன்பின் டிரம்மில் அரை நிமிடம்கூட வேண்டியதில்லை.

மெஷின் செய்யப் புரட்டாசி தோதான மாதம். ஊரில் பாதி வீடுகளில் கவுச்சி இல்லை. ஐப்பசியில் தீபாவளிக்குள் முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் முடித்தேன்.

தீபாவளியன்று டிரம்மிலிருந்து வந்த கோழியை அத்தை வாங்கி, இறக்கைக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினார். நாலைந்து குருத்து இறகு நின்றிருந்தது.

"இத நான் பாத்துக்கறேன். நீ அடுத்தத போடுப்பா" என்றார்.